குப்பை வண்டியின் வழியும் கடைசி வீட்டின் உரிமையும்

குப்பை வண்டி எந்த ஒழுங்கையில் முதலில் நுழைய வேண்டும், எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும், எங்கே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும் என்பவை பார்வைக்கு வெறும் கணக்குகள். எரிபொருள், நேரம், வண்டியின் கொள்ளளவு, வேலையாட்களின் தொகை ஆகியவற்றைத் தந்தால் கணினி ஒரு விடை சொல்லிவிடும். ஆனால் அந்தக் கணக்குத் தொடங்கும் முன்பே ஒரு முடிவு எடுக்கப்பட்டிருக்கும். எந்த வீடுகள் கணக்கில் சேரும், எவை சேரா என்பதே அந்த முடிவு. அதை எடுப்பது அறத்தின் பொறுப்பு. யாழ்ப்பாணத் தீவகத்தின் நில அமைப்பு இந்த உண்மையை மற்ற இடங்களை விடத் தெளிவாகக் காட்டுகிறது. வேலணைத் தீவின் தென்கரையிலுள்ள சாட்டியையும் அதைச் சூழ்ந்த தீவுகளையும் வைத்து இக்கேள்வியை ஒழுங்காக ஆராயலாம்.

கணக்கு வளர்ந்த விதம்

இக்கணக்கின் வேர் தீவுகளிலும் பாலங்களிலுமே இருக்கிறது. பிரெகல் ஆற்றின் இரு கரைகளையும் நடுவிலுள்ள தீவுகளையும் இணைத்த கோனிக்ஸ்பேர்க் நகரின் ஏழு பாலங்களை, ஒவ்வொன்றையும் ஒரே தடவை மட்டும் கடந்து சுற்றிவர முடியுமா என்ற கேள்விக்கு, முடியாது என்று 1730களில் லியோனார்ட் ஒய்லர் நிறுவினார். ஒவ்வொரு சந்தியிலும் இரட்டைப்படை எண்ணிக்கையில் வழிகள் கூடினால்தான், எந்த வழியையும் திரும்ப மிதிக்காமல் புறப்பட்ட இடத்துக்கு வர இயலும். 1960இல் சீனக் கணிதவியலாளர் குவான் மெய்கு இதை அஞ்சற்காரருக்குப் பொருத்தினார். எல்லாத் தெருக்களிலும் நடந்தாக வேண்டும். மீண்டும் மிதிக்க வேண்டிய தூரத்தை எப்படிக் குறைப்பது? இன்றும் அது சீன அஞ்சற்காரர் சிக்கல் என்றே அழைக்கப்படுகிறது.

1959இல் டான்ட்சிக், ராம்சர் இருவரும் எரிபொருள் நிலையங்களுக்கு விநியோகம் செய்யும் பாரவூர்திகளின் வழிகளைக் கணக்கிட முயன்றபோது, கொள்ளளவு என்ற கட்டுப்பாடும் சேர்ந்தது. வண்டி நிறைந்தால் திரும்பியே ஆக வேண்டும். 1974இல் பெல்ட்ராமி, போடின் இருவரும் நியூயோர்க் நகரத்தின் குப்பை சேகரிப்பை ஆராய்ந்து, எந்த இடத்துக்கு வாரத்தில் எத்தனை நாள் போவது என்ற கேள்வியையும் இணைத்தார்கள். தூரம், கொள்ளளவு, நாள்முறை ஆகிய மூன்றும் சேர்ந்ததே இன்றைய குப்பை வண்டி வழித்திட்டம். இடங்களின் எண்ணிக்கை கூடும்போது எல்லா வழிகளையும் ஒன்றுவிடாமல் ஒப்பிட எந்தக் கணினிக்கும் நேரம் போதாது என்பதால், நடைமுறையில் மிகச் சிறந்த வழிக்குப் பதிலாக நல்ல வழி ஒன்றைத் தேடுவதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

கிளைவிட்ட நிலம்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாக வரும் வீதியில் மண்டைதீவுக்கு ஒரு கிளை பிரிகிறது. பின்னர் அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை. வேலணைத் தீவின் ஒரு முனையில் ஊர்காவற்துறை. இன்னொரு பக்கம் நீண்ட தாம்போதி கடந்தால் புங்குடுதீவு. அதன் கோடியில் குறிகட்டுவான் துறை. அங்கிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுதான். அனலைதீவு, எழுவைதீவுக்கு ஊர்காவற்துறையிலிருந்து கடல்வழி. ஊர்காவற்துறைக்கும் காரைநகருக்கும் இடையே வாகனத்தையும் ஆளையும் ஏற்றிச் செல்லும் ‘பாதை’ மட்டுமே இவ்வமைப்பில் ஒரு வளையத்தை உண்டாக்குகிறது. ஆனால் காரைநகருக்குத் தனிப் பிரதேச சபை இருப்பதால் குப்பை வண்டிக்கு அந்த வளையம் பயன்படாது.

ஊர்களுக்குள் சுற்றிவரும் ஒழுங்கைகள் உண்டு. ஆனால் தீவையும் தீவையும் இணைப்பது ஒரே தாம்போதி. கணிதவியலார் இத்தகைய அமைப்பை ‘மரம்’ என்பார்கள். அடிமரத்திலிருந்து கிளை, கிளையிலிருந்து சிறு கிளை. கிளைநுனிக்குப் போனவர் போன வழியேதான் திரும்ப வேண்டும். கொள்ளளவு தடையாக இல்லாதவரை, ஒவ்வொரு கிளையையும் முழுமையாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும் எந்த ஒழுங்கிலும் மொத்தத் தூரம் ஒன்றேதான்: எல்லா வழிகளின் கூட்டுத்தொகையில் இரு மடங்கு.

எடுத்துக்காட்டாக, அடிவீதி 10 கிலோமீற்றர் என்றும், அதன் முடிவில் 2, 3, 5 கிலோமீற்றர் நீளமான மூன்று கிளைகள் பிரிகின்றன என்றும் கொள்வோம். எந்தக் கிளையில் தொடங்கினாலும் மொத்த ஓட்டம் 40 கிலோமீற்றர். ஒழுங்கை மாற்றி எதையும் மிச்சம் பிடிக்க முடியாது. ஒரே ஒரு வழி இருக்கிறது. 5 கிலோமீற்றர்க் கிளையை விட்டுவிட்டால் ஓட்டம் 30 ஆகக் குறையும். மொத்தம் 200 வீடுகளில் அந்தக் கிளையில் 4 வீடுகளே இருப்பதாக வைத்தால், நூற்றுக்கு இரண்டு வீடுகளை விட்டு நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு எரிபொருளைச் சேமித்ததாக அறிக்கை எழுதலாம். சிக்கனத்தின் பெயரில் நடப்பது என்ன என்பது இங்கே ஒளிவுமறைவின்றித் தெரிகிறது. பெருநகரின் பின்னல் வீதிகளில் வீடு விடப்பட்டதைக் கணக்கின் சிக்கலுக்குள் மறைத்துவிடலாம். கிளைவிட்ட தீவக நிலத்தில் அதற்கு இடமில்லை.

சேமித்தது யார், செலவழித்தது யார்

இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. உழவு இயந்திரமும் அதன் பின்னால் பூட்டிய பெட்டியும் ஒடுங்கிய ஒழுங்கைக்குள் நுழைந்தால் திருப்ப இடமிருக்காது. இருபக்கமும் மதிலும் பனையோலை வேலியும் நெருக்கும். பெட்டியோடு பின்னால் எடுப்பது எந்தச் சாரதிக்கும் சிரமம். ஆகவே வண்டி சந்தியில் நிற்கும், வீட்டுக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு வரட்டும் என்று முடிவாகும். வண்டிக்கு ஒரு கிலோமீற்றர் மிச்சம். ஆனால் அந்தத் தூரம் மறைந்துவிடவில்லை. அதை இப்போது ஆள் நடக்கிறார். தீவகத்தில் நடப்பவர் பெரும்பாலும் முதியவர். 1990களின் தொடக்கத்து இடப்பெயர்வுக்குப் பின் பல குடும்பங்கள் திரும்பவில்லை; பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் இருக்க, வயதானவர்கள் வளவைக் காத்துக்கொண்டு இருக்கும் வீடுகள் ஏராளம். சபையின் கணக்குப் புத்தகத்தில் வரவாகத் தெரிவது முதியவரின் முழங்காலில் செலவாகப் பதிகிறது. யாருடைய செலவு கணக்கில் எழுதப்படுகிறது, யாருடையது எழுதப்படுவதில்லை என்று கேட்காமல் எந்த வழியையும் சிக்கனமானது என்று சொல்லிவிட முடியாது.

சட்டம் கடமையின் அளவைக் குறித்திருக்கிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், கழிவைச் சேகரித்து அகற்றும் பொறுப்பைச் சபையின் மீது சுமத்துகிறது. சேகரித்த கழிவைச் சபையின் சொத்தாகவும் ஆக்குகிறது. கிளைநுனியில் இருக்கும் வீட்டுக்கு இந்தக் கடமை குறையும் என்று அச்சட்டம் பிரித்துச் சொல்லவில்லை.

இரண்டு மெய்யியல் விடைகள்

பெரும்பாலோரின் பெருநன்மையே அளவுகோல் என்பது ஜெரமி பெந்தாமின் வழிவந்த பயன்வாதம். அதன் கணக்கில் நான்கு வீடுகளின் துன்பத்தை நூற்றுத்தொண்ணூற்றாறு வீடுகளின் நன்மை எளிதில் மூடிவிடும். சேமித்த எரிபொருளில் சந்தை வீதியை இன்னொரு தடவை துப்புரவாக்கலாம் என்று அது சொல்லும். 1971இல் வெளிவந்த தமது நீதிக் கோட்பாட்டு நூலில் ஜோன் ரோல்ஸ் இதை மறுத்தார். தாம் எந்த வீட்டில் பிறப்போம் என்று அறியாத நிலையில் மக்கள் விதி வகுத்தால், மிகத் தாழ்ந்த நிலையிலிருப்பவருக்கு நன்மை தரும் ஏற்பாட்டையே தேர்வார்கள் என்றார். புங்குடுதீவின் கோடியிலா வேலணைச் சந்தியிலா வீடு அமையும் என்று தெரியாதவர், கோடி வீட்டை விட்டுவிடும் வழித்திட்டத்தில் கையெழுத்திட மாட்டார்.

ஆனால் ரோல்ஸின் விடைக்கும் ஓர் இடர் உண்டு. கடைசி வீட்டையே எப்போதும் முதன்மையாகக் கொண்டால், நாலு வீட்டுக்காக நாள்தோறும் வண்டி ஓடி, எஞ்சிய ஊர் நாறும். இதற்கு விடை நாள்முறையில் இருக்கிறது. சந்தைக்கு நாள்தோறும், குடிமனைக்கு வாரம் ஒன்றிரண்டு தடவை, கிளைநுனிக்கு இரு வாரத்துக்கு ஒருமுறை என்று வகுக்கலாம். எல்லாருக்கும் ஒரே அளவு கொடுப்பது நீதிக்கு இன்றியமையாததல்ல. ஒருவரும் விடுபடாமையும், சொன்ன நாளில் சொன்னபடி வண்டி வருவதும் இன்றியமையாதவை. செவ்வாய் என்று சொல்லி வியாழனில் வரும் வண்டி குப்பையைக் கூட்டுவதோடு, சபையின் சொல் மீதிருந்த நம்பிக்கையையும் கெடுக்கும். வழித்திட்டத்தில் காலந்தவறாமை வாய்மையின் ஒரு வடிவம்.

வீடு தாண்டாத நெறி

நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோவிலும் நாகதீப விகாரையும் இருக்கின்றன. அந்த விகாரை சேர்ந்த பௌத்த மரபில், இக்கேள்விக்கு நேரடியாகப் பொருந்தும் ஒரு நெறி உண்டு. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்னும் பாளி நூல், துறவி தாமாக ஏற்கும் பதின்மூன்று கடுநோன்புகளை விளக்குகிறது. குப்பை மேட்டில் எறிந்த துணியைத் தைத்து ஆடையாக்கிக்கொள்வது அவற்றுள் முதலாவது. நான்காவது ‘சபதான’ நோன்பு. பிச்சைக்குச் செல்லும்போது வீடுகளை வரிசைப்படியே எடுக்க வேண்டும். நல்ல உணவு கிடைக்கும் வீட்டை நாடி இடையிலுள்ள எளிய வீட்டைத் தாண்டிப் போகக் கூடாது.

அந்நூல் தரும் விதிவிலக்குகளும் கூர்மையானவை. வழியில் ஆபத்து இருந்தால் அத்தெருவை விட்டு வேறு வழியில் செல்லலாம். வழக்கமாக எதுவுமே கிடைக்காத வாசலைக் கணக்கில் எடுக்காமல் போகலாம். சிறிதளவாயினும் கிடைக்கும் வாசலைத் தாண்டக் கூடாது. இந்நெறியைக் குப்பை வண்டிக்குப் பொருத்தினால் தெளிவான விதியொன்று பிறக்கிறது. ஆட்கள் இல்லாத, கூரை சரிந்த வளவுகளை வண்டி தாண்டலாம். வெள்ளம் நிற்கும் ஒழுங்கையை அந்த வாரம் விடலாம். ஒருவர் வாழ்ந்து ஒரு சிறு பையளவு குப்பை சேரும் வீட்டையும் தாண்டக் கூடாது. துறவிக்கு அந்த நோன்பு தரும் பயனாகப் புத்தகோசர் சொல்வது, எல்லாக் குடும்பங்களின் மீதும் ஒத்த இரக்கம். ஒரு வீட்டின் செல்வாக்குக்கு வழி வளையாமல் இருப்பதே பொதுப்பணிக்கும் முதல் தகுதி. தவிசாளரின் வீதியிலும் வண்டி முறைப்படிதான் போக வேண்டும்.

தேரர்களின் பாடல்களைக் கொண்ட தேரகாதையில் சுனீதர் என்பவர் வருகிறார். வாடிய பூக்களைக் கூட்டி அள்ளும் இழிதொழில் என்று கருதப்பட்ட வேலையைச் செய்தவர்; மகதத்தின் தலைநகருக்குள் வந்த புத்தரைக் கண்டு காவுதடியை இறக்கிவைத்து வணங்கி, சங்கத்தில் சேர்க்கப்பட்டவர். அவர் அணுகும்வரை புத்தர் நின்றார் என்பதே அக்கதையின் நடு. வழியில் போகிறவர் யாருக்காக நிற்கிறார் என்பதில் அவரது அறம் தெரிந்துவிடும்.

தொண்ணூற்றொன்பதும் ஒன்றும்

சாட்டியில் கடற்பயணிகளின் காவலாக வணங்கப்படும் சிந்தாத்திரை மாதா திருத்தலம் உண்டு. தீவகத்தின் கத்தோலிக்க மரபும் பழையது. மத்தேயு, லூக்கா நற்செய்திகளிலுள்ள காணாமற்போன ஆட்டின் உவமையும் ஒரு வழித்தேர்வுதான். நூறு ஆடுகளில் தொண்ணூற்றொன்பதை விட்டு ஒன்றைத் தேடிப் போகும் மேய்ப்பன், பயன்வாதக் கணக்கில் தோற்றவன். ஆனால் அவன் கணக்கு வேறு. மந்தையின் எண்ணிக்கை நூறு என்று ஏற்றுக்கொண்டபின், தொண்ணூற்றொன்பதைக் கொண்டு வேலை முடிந்தது என்று அவனால் சொல்ல முடியாது. திராட்சைத் தோட்டத்தில் கடைசியாக வந்தவனுக்கும் முழுக்கூலி என்ற உவமையைத் தலைப்பாகக் கொண்டு ஜோன் ரஸ்கின் 1860இல் எழுதிய கட்டுரைகளைக் காந்தி 1904இல் தென்னாபிரிக்காவில் படித்தார். சர்வோதயம் என்ற பெயரில் அவற்றைச் சுருக்கி எழுதினார். அக்காந்தி 1927 நவம்பரில் யாழ்ப்பாணத்துக்கும் வந்தார். கடையவரிலிருந்து கணக்கைத் தொடங்கும் நெறிக்கு இப்படி ஒரு தொடர்ச்சி உண்டு.

உழவாரமும் விளக்குமாறும்

சைவ மரபில் துப்புரவு வழிபாடாகவே மதிக்கப்படுகிறது. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த திருநாவுக்கரசர் கோவில் முன்றிலிலும் வீதியிலும் புல்லும் முள்ளும் செதுக்கும் உழவாரப்படையைக் கையில் ஏந்தியவராகவே சிலையாக நிற்கிறார். திருவிழாவுக்கு முன்னர் ஊர் இளைஞர்கள் சிரமதானம் செய்து கோவில் வீதியைத் துப்புரவாக்குவது இன்றும் யாழ்ப்பாணத்து வழக்கம். ஆனால் கோவில் வீதியில் தொண்டாகிய அதே வேலை, பிரதேச சபையின் சம்பளத்துக்குச் செய்யப்படும்போது இழிவாகிவிடுகிறது. காரணம் சாதி. பிறரின் அழுக்கைத் தொடுவது சிலரின் பிறவிக் கடன் என்ற எண்ணம் நெடுங்காலம் நிலைத்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பின்னும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில் நுழைவுரிமைக்காகப் போராட வேண்டியிருந்தது.

இது வழித்திட்டத்துக்குப் புறம்பான விடயமல்ல. சுகாதாரத் தொழிலாளியின் உடலைக் கணக்கில் எடுக்காத திட்டம், அவரை வண்டியின் ஓர் உறுப்பாகவே நினைக்கிறது. உச்சி வெயிலில் தாம்போதி கடப்பது, பிரிக்காத பைக்குள் கிடக்கும் உடைந்த போத்தல், கையுறை இல்லாத கை, நிறைந்த பெட்டியின் மேல் அமர்ந்து வரும் பயணம் ஆகியவையும் செலவுகளே. உழவாரத்தைக் கும்பிடும் சமூகம் கையுறைக்குப் பணம் ஒதுக்கத் தயங்குமானால், அந்தக் கும்பிடு வெறும் சடங்கு.

வண்டி எங்கே போய் முடிகிறது

வழியின் தொடக்கத்தைப் போலவே முடிவும் அறக் கேள்விதான். 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளில், கொழும்பின் குப்பை குவிந்த மீதொட்டமுல்ல மேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நகரம் முழுவதும் சிறிது சிறிதாக விலக்கிய பொருள் ஏழைகளின் குடியிருப்பின் மீது ஒரேயடியாக விழுந்தது. யாழ்ப்பாண நகரின் குப்பை சென்று சேரும் கல்லுண்டாய்ப் பகுதியிலும், புகையும் நாற்றமும் அயலில் வாழ்பவர்களின் தலையில்தான் விழுகின்றன. ஒருவரின் வாசல் துப்புரவாவது இன்னொருவரின் வாசல் அழுக்காவதால் என்றால், குப்பை அகலவில்லை; கைமாறியிருக்கிறது.

தீவில் இந்த உண்மை இன்னும் நெருக்கமானது. சாட்டி நன்னீருக்குப் பெயர்பெற்ற இடம். மணற்பரப்பில் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே சுமார் நாற்பது மீற்றர் நன்னீர் நிற்கும் என்பது கிபென்–ஹெர்ஸ்பேர்க் விதி. மேல்மட்டம் சற்றுத் தாழ்ந்தாலும் உவர் ஏறிவிடும். மேலே கொட்டிய அழுக்கைத் தடுக்க மணலுக்கு வலுவில்லை. விடுமுறை நாளில் சாட்டிக் கடற்கரைக்கு வருபவர் விட்டுச்செல்லும் சோற்றுப் பொதியும் போத்தலும் அந்த நீர்ப்படையின் மேல்தான் கிடக்கின்றன. இங்கே இரண்டு வண்டிகளை ஒருங்கே எண்ண வேண்டும். தண்ணீர் பவுசர் நன்னீரைக் கடைசி வீடு வரை கொண்டுபோகிறது. குப்பை வண்டி கடைசி வீட்டிலிருந்து அழுக்கைக் கொண்டுவருகிறது. முதல் வண்டிக்குத் தூரம் சாக்காக ஏற்கப்படாது என்றால், இரண்டாவதற்கும் ஏற்கப்படக் கூடாது. இரண்டாவதன் முடிவிடம் முதலாவதன் தொடக்க இடத்தைக் கெடுக்கவும் கூடாது.

வீட்டார் கடன், யாத்திரிகர் கடன்

கடமை சபைக்கு மட்டும் உரியதல்ல. யாழ்ப்பாணத்து வளவில் கிடங்கு வெட்டிச் சருகும் சாம்பலும் சாணமும் இட்டு எருவாக்கித் தோட்டத்துக்கு எடுப்பது பழைய வழக்கம். உக்கும் கழிவு வளவுக்குள்ளேயே எருவானால், வண்டிக்கு மிஞ்சுவது பிளாஸ்ரிக், கண்ணாடி, தகரம் மட்டுமே. இவை அழுகுவதில்லை, நாறுவதில்லை; கழுவிக் காயவைத்தால் இரு வாரம் காத்திருக்கும். கிளைநுனிக்கு நாள்முறையைத் தளர்த்தும் உரிமை சபைக்குக் கிடைப்பது வீட்டார் பிரித்துவைக்கும் ஒழுங்கினால்தான். 2017 செப்ரெம்பரில் சோறு கட்டும் பொலித்தீன் தாளுக்கும் ரெஜிபோம் பெட்டிக்கும் அரசு தடை விதித்ததும் அந்தச் சுமையைத் தோன்றும் இடத்திலேயே குறைக்கத்தான்.

நயினாதீவின் ஆனித் திருவிழாவுக்கும், கச்சதீவு அந்தோனியார் பெருவிழாவுக்கும் வருபவர்கள் படகில் கொண்டுவரும் பொருட்களுக்கு அத்தீவுகளில் போக்கிடம் இல்லை. கச்சதீவில் குடியிருப்பே கிடையாது. புண்ணியத்தைக் கொண்டுபோய் அழுக்கை விட்டுவருவது எந்தச் சமயத்தின் கணக்கிலும் யாத்திரை ஆகாது. கொண்டுவந்த போத்தலைத் திரும்பத் தன் பையிலேயே கொண்டுபோய்க் குறிகட்டுவானில் பிரித்துப் போடுவது யாத்திரிகரின் குறைந்தபட்சக் கடன்.

முடிவு

மேற்கூறியவற்றிலிருந்து ஒரு வரிசை பெறப்படுகிறது. மனிதர் வாழும் எந்த வீடும் விடுபடக் கூடாது. இது முதல் விதி, பேரத்துக்கு உட்படாதது. எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதைத் தேவைக்கேற்ப மாற்றலாம், ஆனால் அறிவித்த நாள் தவறக் கூடாது. முதியவர் நடக்கும் தூரமும் தொழிலாளி படும் பாடும் எரிபொருளோடு ஒரே ஏட்டில் எழுதப்பட வேண்டும். கொட்டும் இடம் இன்னொருவரின் கிணற்றையோ வாசலையோ கெடுக்கக் கூடாது. இந்த நான்கும் நிறைவேறிய பின்னரே மிகக் குறுகிய வழி எது என்று கணினியைக் கேட்கலாம். இவற்றுக்கு முன் அதே கேள்வியைக் கேட்டால், கணினி சரியான விடை சொல்லும். சபை தவறான இடத்தில் வண்டியைத் திருப்பும்.